பாக்கெட்டில் ஒரு கேமரா – 4: கண் சிமிட்டிய சலூன்

என் முதல் குறும்படத்தின் கதை முழுவதும் ஒரே சலூனில் நடப்பது. மீசை அரும்பிய மகனை அப்பா முதல்முறையாக ஷேவிங்குக்குக் கூட்டிவருகிறார். அவ்வளவுதான் கதை. மதுரையில் எங்கள் தெருமுனைச் சலூன்காரர் தாராள மனசுக்காரர். “ஒன்பதரைக்கு மேல வந்து என்ன வேணா எடுத்துக்க தம்பி, கத்திய மட்டும் தொடாத” என்றார். இரண்டு ராத்திரி எடுத்தோம். மூன்றாம் நாள் அவர் கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து, கொஞ்சம் பெருமையோடுதான், போட்டுக் காட்டினேன்.

சுவர், கண்ணாடி, அப்பாவாக நடித்தவரின் வழுக்கை என்று எல்லாவற்றின் மேலும் மங்கலான பட்டைகள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. எடுக்கும்போது போனின் சின்னத் திரையில் அவை எங்கள் கண்ணில் படவே இல்லை. சலூன்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, நம்ம கடை இப்படிக் கண்ணச் சிமிட்டுது?”

சிமிட்டியது கடை அல்ல, டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சோக்கு வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகிறது. மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவும் அப்படித்தான். நம் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. போனின் சென்சார் அப்படியில்லை. அது ஒரு ஃபிரேமை ஒரே மூச்சில் எடுக்காமல், மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிசையாகப் படித்துக்கொண்டு வரும். ஒரு வரி படிக்கப்படும்போது விளக்கு பிரகாசத்தில் இருக்கும், பல வரி தள்ளி மங்கலில் இருக்கும். அந்த வித்தியாசம்தான் பட்டை.

மருந்து எளிது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடி அல்லது 1/50 நொடி என்றிருந்தால், ஒவ்வொரு வரிக்கும் முழுசாக ஒரு சிமிட்டலோ இரண்டு சிமிட்டலோ கிடைத்துவிடும். எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம், பட்டை இல்லை. யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் “1/60 வையுங்கள்” என்பார். அவர் வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவருக்கு அது சரி. நமக்கு 1/50. நொடிக்கு 25 ஃபிரேம் வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 24, 30 எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஷட்டரை மட்டும் 1/50-ல் நிறுத்துங்கள்.

அன்று ராத்திரி என் போன் என்ன ஷட்டர் வைத்திருந்தது? எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை. இந்த வாரம் முழுக்க நான் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

போன் மட்டமான கேமரா அல்ல. அதன் குணம்தான் கல்யாண வீட்டுப் பெரியப்பா குணம். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் தானே முடிவுசெய்யும், பிறகு நொடிக்கொரு தரம் முடிவை மாற்றும். உதாரணம் சொல்கிறேன். டீக்கடை வாசலில் நாயகன் நிற்கிறான், முகம் அழகாகத் தெரிகிறது. பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நடந்துபோகிறார். ஃபிரேமில் வெள்ளை அதிகமாகிவிட்டதென்று போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நாயகன் முகம் கரிச்சட்டி. வேட்டிக்காரர் நகர்ந்ததும் மறுபடி வெளிச்சம். சிவப்புப் புடவை கட்டிய அம்மா குறுக்கே வந்தால் நிறச்சமநிலையை மாற்றிப் பார்க்கும், நாயகன் முகம் திடீரென்று நீலம் பாரித்ததுபோல் இருக்கும். இருட்டு கூடினால் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதையே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங்கில் உட்காரும்போது வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போவதற்குப் பல சமயம் காரணம் இதுதான்.

கல்யாண வீடியோ எடுப்பவருக்கு இந்தப் பெரியப்பா உதவியானவர். கதை சொல்ல வருகிறவர் அவரை உட்காரவைத்தாக வேண்டும். திரையில் நாயகன் முகத்தின் மேல் விரலை அழுத்தி வைத்திருங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை வேட்டி குறுக்கே போனாலும் முகம் மாறாது. ஷட்டர், நிறம், ஃபிரேம் எண்ணிக்கை இவற்றையும் பூட்ட உங்கள் போனில் ‘புரோ வீடியோ’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டுக்கு ஓப்பன் கேமரா, ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் பிளாக்மேஜிக் கேமரா. இரண்டும் இலவசம்.

“போனில் எடுத்தே உலகத்தைக் கலக்கியவர்கள் இருக்கிறார்களே” என்று சிலர் ஒரு பட்டியலோடு வருவார்கள். தென்கொரியாவின் பார்க் சான்-வூக் தம்பியோடு சேர்ந்து ஐபோன் 4-ல் எடுத்த 33 நிமிடப் படம் 2011-ல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கியது. ஸ்டீவன் சோடர்பெர்க் 2018-ல் வெளியான ‘அன்சேன்’ படத்தை ஐபோன் 7 பிளஸ்ஸில் எடுத்தார். மறுக்கவில்லை. ஆனால் முன்னவர் ஏற்கெனவே ‘ஓல்ட்பாய்’ எடுத்தவர், பின்னவர் 1989-லேயே கான் விழாவின் உச்சப் பரிசை வாங்கியவர். சமையலில் கைதேர்ந்தவர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பிரியாணி செய்ததை வைத்து நாம் ஸ்டவ்வைப் புகழ்ந்துகொண்டிருக்க முடியாது.

எனக்கு உதவியது ஷான் பேக்கரின் ‘டாஞ்சரின்’. லாஸ் ஏஞ்சலஸில் சாண்டா மோனிகா பொலிவார்டும் ஹைலேண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனை, அங்கே ஒரு டோனட் கடை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். சிறையிலிருந்து வந்த திருநங்கை ஒருத்தி தன்னை ஏமாற்றிய காதலனைத் தேடித் தெருத்தெருவாக நடக்கிறாள், கூடவே அவள் தோழி. பேக்கரிடம் இருந்த மொத்தப் பட்ஜெட் சுமார் ஒரு லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய அறுபது லட்சம் ரூபாய். நமக்குப் பெரிய தொகை. அந்த ஊரில் ஒரு முழுநீளப் படத்துக்கு அது காணாது. அதனால் மூன்று ஐபோன் 5எஸ். அவற்றின் மேல் மாட்டிக்கொள்ள, சினிமாஸ்கோப் அகலம் தரும் ஒரு சின்ன அனமார்ஃபிக் லென்ஸ். கை நடுக்கத்தைத் தணிக்க ஒரு கைப்பிடி. வேகமாக நகரும் ஷாட்டுகளுக்குச் சைக்கிள்: பேக்கரே அதில் ஏறி, ஒரு கையில் போனோடு நடிகர்களைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

போனில் அவர் பயன்படுத்தியது ஃபில்மிக் புரோ என்ற செயலி. அப்போது அதன் விலை எட்டு டாலர். அது செய்த முக்கியமான காரியம், நான் மேலே சொன்ன பூட்டு: ஃபோகஸ், வெளிச்சம், நொடிக்கு 24 ஃபிரேம் எல்லாம் அவர் வைத்த இடத்தில் நின்றன. படம் 2015 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. படத்தைப் போனில் எடுத்த பேக்கர், குரலைப் போனில் எடுக்கவில்லை. சவுண்டுக்கு முறையான ஆள், முறையான மைக். ஒரு லட்சம் டாலரில் எங்கே கையைச் சுருக்கலாம், எங்கே கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படம் கொஞ்சம் கரகரவென்றிருந்தால் பார்ப்பவர் அதை ஒரு பாணி என்று நினைத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

போனில் மட்டுமே எடுப்பேன் என்று அவர் விரதம் இருந்தவரும் அல்ல. அடுத்த படமான ‘தி ஃப்ளோரிடா புராஜெக்ட்’டை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார். அதன் கடைசிக் காட்சிக்கு மட்டும் மறுபடி போன். இடம் டிஸ்னி வேர்ல்ட். பெரிய கேமராவோடு உள்ளே போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். 2025-ல் அவருக்கு நான்கு ஆஸ்கர்களைக் கொண்டுவந்த ‘அனோரா’வும் ஃபிலிமில் எடுத்ததே. (டிஸ்னி கதையைப் படித்துவிட்டு யாரும் நம் ரயில் நிலையத்துக்குள் போய்ப் படமெடுக்க ஆரம்பிக்காதீர்கள். ரயில்வேயிடம் அனுமதி வாங்க வேண்டும்.)

சலூனுக்கு வருகிறேன். பட்டையைச் சரிசெய்வது எப்படி என்று தெரிந்தபின் அதே கோப்புகளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். அங்கேயும் பெரியப்பா வேலை செய்திருந்தார். அப்பா பேசும்போது குரல் கேட்கிறது. அவர் பேச்சை நிறுத்தி மகனைக் கண்ணாடியில் பார்க்கும் அந்த மௌனத்தில், சத்தம் போதவில்லை என்று போன் தானாக மைக்கின் அளவைக் கூட்டியிருக்கிறது. விளைவு, மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இறங்குகிறது. அப்பா மறுபடி பேசத் தொடங்கியதும் ஹெலிகாப்டர் பறந்துபோய்விடுகிறது. படத்தின் உயிரே அந்த மௌனம்தான்.

மறுபடி எடுத்தபோது இதற்கு நான் செய்தது செலவில்லாத வேலை. வீட்டில் கிடந்த பழைய போனை ரெக்கார்டர் ஆக்கி, ஒரு சாதாரணக் காலர் மைக்கைச் செருகி, அப்பாவின் சட்டைப் பையில் போட்டேன். ஏரோபிளேன் மோடில்தான், இல்லையென்றால் ‘லோன் வேணுமா சார்’ என்று யாராவது கூப்பிட்டுக் காட்சி பாழாகும். ஷாட் தொடங்கும்போது கேமராவின் முன்னால் ஒரு கைத்தட்டு. கை சேரும் ஃபிரேமையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் எடிட்டிங்கில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பேச்சும் வாயும் பொருந்திவிடும். எல்லாம் முடிந்ததும் யாரும் அசையாமல் முப்பது நொடி, அந்த அறையின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்தேன். வெட்டிய இடங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னபோது சலூன்காரருக்குச் சந்தோஷம். “இத மொத நாளே சொல்லிருந்தா ரெண்டு நாள் கரண்டு மிச்சம்.” மே மாத மதுரை. அப்பாவாக நடித்தவருக்குப் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது: வீட்டில் ஒருவர் காபி போடுவதை ஒரு நிமிடப் படமாக எடுங்கள். ராத்திரியில், டியூப்லைட் வெளிச்சத்தில். ஷட்டர் 1/50, எல்லாம் பூட்டியபடி. 1080பி போதும். ஐபோன் கணக்கில் 1080பி 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்.பி., 4கே 24 ஃபிரேமுக்கு 135. ஒரு நிமிடப் படத்துக்குப் பத்து நிமிடம் எடுப்பீர்கள், போனில் இடமிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கவும் மறக்காதீர்கள். ஸூம் வேண்டாம், இரண்டடி நடந்து பக்கத்தில் போங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். பால் பொங்குவது கேட்கிறதா, ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கிறதா?

ஃபிரிட்ஜ்தான் கேட்கிறது என்றால் அதை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். அணைக்கும்போது காரின் சாவியையோ வீட்டுச் சாவியையோ ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். இது படப்பிடிப்புக்காரர்களின் பழைய வித்தை. சாவியை எடுக்கத் திறக்காமல் யாரும் கிளம்ப முடியாது. திறந்தால் உள்ளே விளக்கு எரியாதது தெரியும், மறுபடி போட்டுவிடுவீர்கள். நான் ஒருமுறை வைக்க மறந்தேன். மறுநாள் இரண்டு லிட்டர் தயிரும் ஒரு டப்பா தோசை மாவும் போயின. அன்றைக்கு என் அம்மா பேசிய வசனத்துக்கு மைக் தேவைப்படவில்லை.

(தொடரும்)