காலடியில் அடுப்பு, காதருகே மாவு மில்

சந்திரகிரி கோட்டையின் ராஜமகால் விஜயநகரக் காலத்து மூன்று மாடிக் கட்டடம். கல், செங்கல், சுண்ணாம்பு மட்டுமே, மரம் கிடையாது. திருப்பதி வட்டாரத்துக் கோடையையும் வெளிச்சத்தத்தையும் அதன் கனத்த சுவர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளம்புகிறவர் நிலைமை நேர்மாறு. காலடியில் அடுப்பு, காதருகே மாவு மில்.

இந்த அவஸ்தைக்குத் தென்னிந்தியாவில் ஒரு பரம்பரை உண்டு. 1961-இல் சென்னையின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் கொண்டுவந்த ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறவி. அதே சேஸிஸைக் குறுக்கி உருவாக்கியதுதான் 1962-இல் அறிமுகமாகி 1980 வரை தயாரான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். தோற்றம் வேறு, நோய் ஒன்றுதான்.

நோயின் மூலம் முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. இந்த வம்சத்துக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸை மூடியிருப்பது இரும்பு அல்ல, அழுத்திய அட்டை. அதைக் கழற்றினால் காருக்குள்ளிருந்தே கியர்பாக்ஸை வெளியே எடுத்துவிடலாம். மெக்கானிக்குக்குச் சௌகரியம், ஓட்டுகிறவருக்குத் தண்டனை. வருடங்கள் போகப்போக அட்டை வளைகிறது, ஓரத்து ஸ்பாஞ்ச் உதிர்கிறது. இன்ஜினின் அனல் நேரே காலுக்கு வருகிறது.

ஆகவே முதல் வேலை ஓட்டைகளைத் தேடுவது. இருட்டில் பேனட்டுக்குள் ஒரு விளக்கை எரியவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் போதும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் அனலும் சத்தமும் நுழையும் இடம். தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஒயர்களும் பெடல்களும் நுழையும் துளைகளுக்குப் புது ரப்பர், மூடியின் ஓரத்துக்குப் புது ஸ்பாஞ்ச். செலவு சொற்பம், பலன் அதிகம். ஹீட்டர் உள்ள கார்களில் அதன் வால்வு முழுவதும் மூடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மூடாவிட்டால் கோடையிலும் உள்ளே வெந்நீர் ஓடும்.

பிறகுதான் பொருள்கள். அதிரும் தகரத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட். தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும் இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும். மலிவான தார் ஷீட் வெயிலில் நிறுத்திய காரில் இளகி நாறும். அனலுக்குப் பளபளக்கும் தகடு. ஆனால் தகரத்தோடு ஒட்டாமல் அரை அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். காற்று இல்லாவிட்டால் தகடே சூட்டைக் கடத்திவிடும். கார்ப்பெட்டுக்குக் கீழே தண்ணீர் குடிக்காத ஃபோம். பழைய சணல் ஃபெல்ட் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தரையைத் துருவுக்குத் தின்னக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து வெப்பத் தடுப்புகளிலும் கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்கு எமன். உலர்ந்த நிலையில் சுரண்டவோ ராவவோ கூடாது.

இதற்கெல்லாம் எல்லை உண்டா? உண்டு. தடுப்பின் எடையை இரட்டித்தால் குறைவது சுமார் 6 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ராஜமகால் சுவரின் தத்துவத்தைக் காரில் புகுத்தினால் ஸ்போர்ட்ஸ் கார் மாட்டு வண்டியாகிவிடும்.

இன்னொரு எல்லை சட்டம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 50 வருடங்களைத் தாண்டிய காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எனவே பாடியை வெட்டி, வெல்டிங் வைத்து அனலை விரட்ட நினைப்பவர் அந்த அங்கீகாரத்தையே பணயம் வைக்கிறார். நாளைக்குக் கழற்றினால் கார் பழையபடி இருக்க வேண்டும். அதுதான் நல்ல வேலைக்கு அடையாளம்.

முழு நிசப்தமும் ஆபத்து. தேய்ந்த பேரிங்கும் தளர்ந்த சைலன்சரும் முதலில் சொல்லியனுப்புவது சத்தத்தின் மூலம்தான். இரைச்சல் போகட்டும், இன்ஜினின் குரல் இருக்கட்டும்.