தாழ்த்திய காருக்குத் தடித்த டயர்

வேகத்தடைக்கு ஓர் அளவு உண்டு என்று ராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 ஆவணத்தின் 1988 பதிப்புப்படி, பொதுப் போக்குவரத்துச் சாலையில் போடும் மேடு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தில் வெட்டியெடுத்த சிறு வில் அது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கலாம்.

ஒரு காரின் முன் சக்கரமும் பின் சக்கரமும் இந்த மேட்டின்மேல் ஒருசேர நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடைவெளி 2.5 மீட்டர். இரண்டரையை இரண்டரையால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், காரின் அடியில் மேடு எவ்வளவு துருத்தும் என்று தெரியும். விடை வெறும் 46 மி.மீ. மேடு 10 செ.மீ. உயரம் என்றாலும் அடியில் துருத்துவது அதில் பாதிகூட இல்லை. தரையிலிருந்து 12 செ.மீ. மட்டுமே உயர்ந்த கார்கூட மெதுவாகப் போனால் அடி தட்டாது.

நம் தெருக்களில் கிடப்பவை வேறு ஜாதி. ஒரு மீட்டர்கூட அகலமில்லாத, உயரம் மட்டும் தாராளமான தார்க் கட்டிகள். அகலம் சக்கர இடைவெளியைவிடக் குறைந்தால் மேட்டின் முழு உயரமும் காரின் அடிக்கு வந்துவிடும். 15 செ.மீ. மேடு என்றால் 15 செ.மீ. இடம் வேண்டும், தள்ளுபடி கிடையாது.

ராஜபாளையம்–தென்காசி சாலைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர், ஸ்பிரிங்கை மாற்றி 40 மி.மீ. தாழ்த்தியபின் அடுத்துக் கேட்பது பெரிய அலாய் வீல். அங்கேதான் கணக்கு இடறுகிறது. 185/65 ஆர் 15 என்ற டயரில் 185 என்பது மி.மீ. அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் சதவீதம், 15 என்பது ரிம்மின் அங்குலம். பக்கச் சுவர் 120 மி.மீ.; முழு விட்டம் 621 மி.மீ. இதற்குப் பதில் 205/45 ஆர் 17 போட்டால் விட்டம் 616 மி.மீ. ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம்கூட மாறாது. கார் உயரவும் இல்லை. பக்கச் சுவர் மட்டும் 92 மி.மீ. ஆகிவிட்டது.

பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது முதலில் அமுங்குவது அந்தச் சுவர்தான். அது போதாமல் போனால் ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளேயிருக்கும் நூலிழைகள் அறுந்து, பக்கத்தில் கொப்புளம் போல வீங்கும். வீங்கிய டயருக்கு ஒட்டு வேலை கிடையாது. கழற்றிப் போட வேண்டியதுதான். தாழ்த்திய காரில் ஸ்பிரிங் மேலே அமுங்க இருந்த இடத்தில் 40 மி.மீ. ஏற்கெனவே போய்விட்டது. அந்தக் குறையை டயர்தான் ஈடுகட்ட வேண்டும். நாமோ டயரையும் மெலிதாக்குகிறோம்.

ஃபார்முலா 1 பந்தயக் கார்களைவிடத் தாழ்ந்த கார்கள் அரிது. அவற்றிலேயே 2021 வரை 13 அங்குல ரிம்தான். அதைச் சுற்றிய பருத்த டயர், சஸ்பென்ஷன் வேலையில் பெரும் பங்கைத் தானே பார்த்தது. 18 அங்குலம் வந்தது 2022-இல். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும், கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தாழ்ந்த கார்கள் பறப்பது தடம் வழவழப்பாக இருப்பதால். பெயர்ப் பொருத்தம் பார்த்துச் செட்டியார்பட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

என் தேர்வு 195/55 ஆர் 16. விட்டம் அதே 621, சுவர் 107 மி.மீ. மனம் கேட்டால் 15 அங்குலத்திலேயே நின்றுகொள்ளலாம். பட்டறைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. குறைந்த எண்ணை வாங்கிவிட்டு, நான்கு பேரோடு குற்றாலம் கிளம்பினால் டயர் திணறும்.

ரிம்மில் இன்னொரு கணக்கு ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள மி.மீ. தூரம். 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45 இருந்த இடத்தில் 7 அங்குலம், ஆஃப்செட் 35 போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு 23 மி.மீ. வெளியே தள்ளும். தாழ்த்திய காரில் ஃபெண்டர் ஏற்கெனவே டயரை நெருங்கி நிற்கிறது. திருப்பத்திலும் குழியிலும் ரப்பர் உரசும் சத்தம் கேட்பது அதனால்தான். ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் தகடு சேர்த்தால் இன்னும் மோசம்.

இதற்கெல்லாம் முன்னால் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. அதனால் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே அனுமதித்த டயர் அளவுகளுக்குள் நிற்பதே புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே தாழ்த்திய காரை வாங்கியவர் வீல் அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. தாழ்த்தியதும் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் புதிதுபோலத் தெரியும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, உள் ஓரத்தில் கைவிட்டுப் பார்த்தால், சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. பள்ளம் அங்கே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.