பிட்டித் தீவின் கடற்பறவைகளைப் படகிலிருந்து காணுதல்

பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலைகளிலும் பணிபுரிவோர் காட்டுப்பறவைகளை நன்கு அறிவர். ஆண்டின் பெரும்பகுதியைக் கரை காணாது கழிக்கும் பறவைகள் அவர்களுக்குப் புதியன. அவற்றைக் காண விழைவோர் கொச்சியிலிருந்து கப்பலேறி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மேற்கேயுள்ள கவரத்தியை அடைதல் வேண்டும். அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் பிட்டி என்னும் மணல்திட்டு உள்ளது. பட்சிப்பிட்டி என்றும் இதனை வழங்குவர். பரப்பு 1.2 ஹெக்டேர், அஃதாவது 3 ஏக்கர்; மரமில்லை, மனிதருமில்லை. 1995-ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இங்கு முட்டையிடுவன ஆலா இனத்தவை. முதுகு கரியதும் வயிறு வெண்மையுமான கரிய ஆலா, நாட்டி எனப்படும் பழுப்பு ஆலா, பெரிய கொண்டை ஆலா ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கரிய ஆலா விந்தையானது. கடற்பறவையாயினும் அதன் இறகுகள் எளிதில் நீரில் ஊறிவிடுமாதலால் நெடுநேரம் மிதக்க இயலாது. முதன்முறை கடலுக்குச் சென்ற இளம்பறவை, இனப்பெருக்கத்திற்காக மீளும்வரை சில ஆண்டுகளைப் பெரும்பாலும் வானிலேயே கழிக்கிறது. நிலம் அதற்கு வேண்டுவது முட்டையிடுதற்கு மட்டுமே!

அம்முட்டையும் ஒன்றே, வெறுந்தரையில் கிடப்பது. ஏறத்தாழ 4 வாரம் ஆணும் பெண்ணும் மாறிமாறி அதன்மேல் அமர்கின்றன. நண்பகலில் அவை செய்வது வெப்பமூட்டல் அன்று, வெயிலை மறைத்தலே. மனிதர் கரையிறங்கின் பறவைகள் ஒருங்கே எழும்பும். அவை திரும்பத் தாமதிப்பின் முட்டையினுள் வளரும் கரு வெப்பத்தால் மடியும்; நண்டுகளும் வந்து சேரும். அஞ்சி ஓடிய குஞ்சு பிறிதொரு பறவையின் இடத்திற் புகுந்து, கொத்துண்டு இறத்தலும் உண்டு. ஆகவே, எதனையும் தொடாது உலவிவரும் பார்வையாளரும் தீங்கு விளைத்தவரே ஆவர். முட்டை திரட்டுவோரைப் பற்றிக் கூறவே வேண்டா. இலட்சத்தீவுகளில் ஆலாக் குடியிருப்பு ஒன்று அழிவுற்றதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் 1964-இலேயே பதிவு செய்துள்ளது.

படகிலிருந்தே காணுதல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. தீவுகளுக்குச் செல்லும் அனுமதியுடன், சரணாலயத்தை அணுக வனத்துறையின் இசைவும் பெறுக. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சிறுபடகிற் செல்லலாகாது. பவளப்பாறைமேல் அலை உடையும் இடத்திற்கு வெளியே வேகத்தைக் குறைத்து நிற்க. பறவைகள் கூட்டமாக எழின், மிக நெருங்கிவிட்டோம் என்பதே பொருள்; உடனே விலகுக.

செல்லும் வழியிலும் நோக்கத்தக்கன உள. சூரைமீன்கள் சிறுமீன்களை மேலே துரத்துமிடத்தில் ஆலாக்கள் கூடும். கழித்தூண்டிலால் சூரை பிடிக்கும் தீவு மீனவர் அக்கூட்டத்தைக் கண்டே படகைத் திருப்புவர். அவர்தம் தொழிலுக்கும் இத்திட்டிற்கும் உள்ள தொடர்பை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

மாலையில் மீளும் பறவைகளை இனவாரியாக எண்ணி, வந்த திசையையும் நேரத்தையும் எழுதிக்கொள்க. கொண்டை ஆலா மீனை அலகிற் கவ்வி வரும். கரிய ஆலாவோ விழுங்கி வந்து, குஞ்சுக்குக் கக்கி ஊட்டும். ஆதலின் அதன் வெற்றலகைக் கண்டு, இரையின்றித் திரும்பியது எனக் குறித்தல் கூடாது.