மணி அடித்தது அணுமின் நிலையத்தில். ஆபத்து இருந்ததோ வீட்டில்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். அங்கே லிமெரிக் என்ற ஊரில் ஒரு அணுமின் நிலையம். 1984 டிசம்பரில் அங்கு வேலை பார்த்த இன்ஜினீயர் ஒருவர், கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கடந்து போனார். உடனே எச்சரிக்கை மணி அலறியது!

எல்லோரும் விழித்தார்கள். காரணம், அந்த நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. மறுபடி மறுபடி மணி அடித்தது. ஒரு நாள், உள்ளே வேலைக்குப் போகாமலே அவர் கருவியில் போய் நின்றார். அப்போதும் மணி அடித்தது!

அப்படியானால் கதிரியக்கம் எங்கே இருந்து வந்தது? அவருடைய வீட்டில் இருந்து!

675 மடங்கு

வீட்டைச் சோதித்தவர்கள் திடுக்கிட்டார்கள். காற்றில் ரேடான் வாயு, லிட்டருக்கு சுமார் 2,700 பிகோகியூரி. 4 இருந்தாலே வீட்டைச் சரி செய்யச் சொல்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். இது அதைப்போல 675 மடங்கு! இன்ஜினீயர் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்தார்.

அது என்ன ரேடான்?

மண்ணிலும் பாறையிலும் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது சிதையும்போது ரேடான் உண்டாகிறது. நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. வெட்டவெளியில் காற்றோடு போய்விடும். தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் புகுந்தால்தான் வம்பு. அங்கே குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடி வைப்பார்கள். வாயு உள்ளேயே தங்கிவிடும்.

இருமல், தலைவலி எதுவும் உடனே வராது. பல வருஷம் கழித்து வருவது நுரையீரல் புற்றுநோய்! அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 21,000 பேர் இப்படிச் சாகிறார்கள் என்று அதே நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

குழாய் வைத்தியம்

பரிகாரம் என்னவோ சுலபம்தான். தரைக்கு அடியில் குழாய் இறக்கி, அதில் விசிறி பொருத்துகிறார்கள். அது வாயுவை உறிஞ்சி கூரைக்கு மேலே தள்ளிவிடும். வெடிப்புகளையும் அடைக்கிறார்கள். இன்ஜினீயர் வீட்டையும் சரி செய்தார்கள். குடும்பம் திரும்பி வந்தது.

"பக்கத்து வீட்டில் இல்லையே, நமக்கு என்ன?" என்று இருக்க முடியாது. வீட்டுக்கு வீடு அளவு மாறும். சின்ன டப்பா போன்ற கருவியைச் சில நாள் வீட்டில் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த இன்ஜினீயருக்கு மணி அடித்துச் சொன்னது. எல்லார் வீட்டிலும் மணி அடிக்குமா?