வயரைத் தொடும் முன் வகுத்தல் தெரியணும்! பூட்டுக்காரர் மகன் சொன்ன கணக்கு

திண்டுக்கல்,

கரண்டு வேலை கத்துக்க ஆசை. கணக்கு மட்டும் வராது. ஐ.டி.ஐ. வாசலில் நிற்கும் பையன்கள் பலரின் கவலை இது. ஆனால் கணக்குத் தெரியாமல் கரண்டில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து!

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். மின்சாரத்தின் முதல் கணக்கைச் சொன்னவரும் பூட்டுக்காரர் மகன்தான். பெயர், ஜார்ஜ் சைமன் ஓம். 1789-ல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பூட்டுத் தொழிலாளி. தானே படித்து, மகனுக்குக் கணிதமும் பௌதிகமும் சொல்லிக் கொடுத்தார். அந்த மகன் 1827-ல் வெளியிட்டதுதான் 'ஓம் விதி'. வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர். அவ்வளவுதான்!

வகுத்தல்

கோவில் திருவிழா சீரியல் செட்டைப் பாருங்கள். 6 வோல்ட் பல்பு ஒன்றை நேராக 230 வோல்ட்டில் கொடுத்தால் 'பட்'டென்று போய்விடும். 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38-க்குக் கொஞ்சம் மேல் வரும். 39 பல்பை வரிசையாகக் கோர்த்தால் தாங்கும்.

புள்ளிக் கணக்கு

ஈரக் கையோடு தொட்டால் உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வையுங்கள். பாயும் கரண்டு 0.23 ஆம்பியர். "புள்ளிதானே" என்று அலட்சியம் கூடாது. அது 230 மில்லி ஆம்பியர். ஆளையே முடித்துவிடும்! அதனால்தான் வீட்டில் மாட்டும் ஷாக் தடுப்பு ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடுகிறது.

வர்க்கம்

கரண்டு 2 மடங்கானால் வயரின் சூடு 4 மடங்கு. 2,000 வாட் ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும், வயரும் பற்றலாம்.

வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் கிணற்று மோட்டாருக்கும் இதே கதிதான். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 5 குதிரைத்திறன் என்றால் 3,730 வாட். மோட்டாரில் வீணாவது தனி. மூணு பேஸ் என்றால் 3-ன் வர்க்கமூலமும் வேண்டும். கணக்குப் பார்க்காமல் மெல்லிய வயர் போட்டால் காயில் கருகும்; பயிர் வாடும்.

என்ன படிக்கணும்?

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருஷப் படிப்பு. பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். சேரும் முன் பின்னம், தசமம், விகிதம், ஒரு 'எக்ஸ்' உள்ள சமன்பாடு, இவற்றைப் பழைய பள்ளிப் புத்தகத்தில் போட்டுப் பார்த்தால் போதும். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் நாலுக்கும் அர்த்தம் தெரிய வேண்டும். பெரிய கணிதமெல்லாம் என்ஜினீயரிங் போகிறவர்களுக்குத்தான்.