குளத்தில் மிதக்கும் பச்சை, சாயம் இல்லை... தெரியுமா?

திருப்பூரில் தண்ணீர் நிறம் மாறினால் முதலில் சாயப்பட்டறைப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்போம். நொய்யல் ஆறு சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடியதைப் பார்த்த ஊராயிற்றே! ஆனால் கோடையில் குளத்து மேல் பச்சை பெயின்ட் கொட்டியது போல ஒரு படலம் திரள்கிறதே, அது எந்தப் பட்டறையின் சாயமும் இல்லை. அத்தனையும் உயிர்! கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள், கோடி கோடியாகப் பெருகி, தண்ணீருக்கே நிறம் கொடுத்துவிடுகின்றன.

இன்னொன்று தெரியுமா? சாயக்கழிவு மட்டும் வந்தால் பாசிக்கு அவ்வளவு கொண்டாட்டம் கிடையாது. அடர்ந்த நிறம் வெயிலை உள்ளே விடாது. பருத்தியில் சாயம் பிடிப்பதற்காகச் சேர்க்கும் உப்பு செய்த கேடு வேறு வகை: பாசனத்துக்கென்றே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை வயலுக்கு விட முடியாமல் போனது! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது அதன் பிறகு பட்டறைகளுக்குக் கண்டிப்பான விதியானது.

பாசிக்குச் சோறு போடுவது நம் வீடும் வயலும்தான். சாக்கடை, சோப்புத் தண்ணீர், வயலில் இருந்து வழியும் உரம். இவற்றில் உள்ள பாஸ்பரஸ் 1 கிலோ குளத்தில் கலந்தால், அதை வைத்தே சுமார் 500 கிலோ பாசி வளர முடியும்!

பாசி பெருகப் பாஸ்பரஸே காரணம் என்பதை நிரூபித்த கதையை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும். கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரி. அதற்குப் பெயர் கூடக் கிடையாது, 226 என்ற எண் மட்டும்தான். உடுக்கை போல நடுவில் ஒடுங்கிய ஏரி. 1973-ல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடன் இருந்தவர்களும் அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். இரு பக்கமும் கரிமச் சத்தும் நைட்ரஜனும் ஊற்றினார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். அவ்வளவுதான் வித்தியாசம்! பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசியால் நிறம் மாறிப்போனது. திரைக்கு அந்தப்புறம் தண்ணீர் பழையபடி தெளிவாகக் கிடந்தது. அந்தக் காட்சியை வானிலிருந்து எடுத்த ஒரு படம், சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கச் சொன்னவர்களுக்குப் பெரிய சாட்சியானது.

பகலெல்லாம் ஆக்சிஜனை அள்ளித் தரும் இதே பாசி, இரவில் அதை உறிஞ்சத் தொடங்கிவிடும் என்பது தெரியுமா? போதாததற்கு, செத்த பாசியை அழுகவைக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து இழுக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாவம், மூச்சுத் திணறல்!

கடலுக்குப் போவோமா? 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தனவே, நினைவிருக்கிறதா? நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர் செய்த வேலை அது. அதே நாக்டிலூகா அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் கடலைப் பச்சையாக்கியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அங்குள்ள மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: பூங்கோரை! எவ்வளவு அழகான பெயர்!

பாசி கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியில் வளர்ந்த நீலப்பச்சைப்பாசி என்ற வகையின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்துவிட, சுமார் 4 லட்சம் பேர் இரண்டு மூன்று நாள் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தார்கள். கொதிக்க வைக்கவே கூடாது என்றது அரசு. மைக்ரோசிஸ்டின் என்ற அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் அடர்த்தியாகும்!

உங்கள் ஊர்க் குளத்தில் இருப்பது எந்தப் பாசி? கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு மொண்டு வந்து, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். சாதாரணப் பச்சைப்பாசி பெரும்பாலும் அடியில் படியும், அல்லது தண்ணீரோடு கலந்தே நிற்கும். நீலப்பச்சைப்பாசியின் செல்லுக்குள் பெரும்பாலும் காற்றுப் பைகள் உண்டு. காலையில் அது மேலே ஏறி வந்து, பாட்டிலின் கழுத்தருகே பச்சை வளையமாகக் கட்டியிருக்கும்.