ஹேண்ட் பிரேக் பிடிக்குதா? பார்த்து வைப்போம்!



புளியங்குடி மார்க்கெட்டுக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றிப்போகும் ஆம்னி வேன் நம்மில் சிலரிடம் உண்டு. 2019-ல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது, ஓடுவதெல்லாம் பழசுதான். ஹேண்ட் பிரேக் லூசானால் சரிவில் நிறுத்திய வண்டி தானா நகர்ந்துவிடும். பின்னால் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

லீவரை இழுத்து 'டிக் டிக்' சத்தத்தை எண்ணுங்க. வழக்கத்தைவிட அதிகம் வந்தால், கேபிள் நீண்டிருக்கும். அல்லது பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் முதலில் ஷூவைப் பார்க்கச் சொல்லணும்; பிறகுதான் கேபிள் நட்டை முறுக்கணும். லீவரை இறக்கினதும் சக்கரம் தடையில்லாமல் சுற்றணும். இல்லாட்டி ஷூ சூடாகித் தேயும். டிரம்முக்குள் ஆயில் கசிந்திருந்தால் நட்டை முறுக்கிப் பயனில்லை.

சரிசெய்யும்வரை கியரில் போட்டு நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்போம்.